டவுன் சிண்ட்ரோம் உள்ள மகன் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கிறான்: இது சோம்பலா?

திருச்சியிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகனுக்கு 24 வயது, டவுன் சிண்ட்ரோம் (21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் பிறவி நிலை). 18 வயதில் சிறப்புப் பள்ளி முடிந்ததிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். காலையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுச் செல்போனுடன் சோபாவில் உட்கார்ந்தால், சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் தவிர எழுவதில்லை. உயரம் 152 செ.மீ., எடை 74 கிலோ. நடக்க அழைத்துச் சென்றால் தெருமுனை தாண்டுவதற்குள் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்துவிடுகிறார். உறவினர்கள் சோம்பேறி என்கிறார்கள். பார்த்த மருத்துவர் "இந்தப் பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள்" என்று அனுப்பிவிட்டார். ஜிம்மில் சேர்க்கலாமா, வயது ஏற ஏற என்ன ஆகும் என்பவை அவருடைய மற்ற இரண்டு கேள்விகள்.

அம்மா, உறவினர்கள் சொன்னதையும் ஏற்க வேண்டாம், அந்த மருத்துவர் சொன்னதையும் ஏற்க வேண்டாம். அறிவுசார் குறைபாடு உள்ள வளர்ந்தவர்களுக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பவன் என்ற முறையில், இதே வயதில் இதே சோபாவில் உட்கார்ந்துவிட்ட பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுள் வெறும் சோம்பல் என்று சொல்லத்தக்க ஒருவரையும் நான் கண்டதில்லை. தேடினால் உடலில் யாரும் கவனிக்காத ஒரு கோளாறு இருக்கும்; அல்லது மற்றவர்களைவிட அதிகம் உழைத்தால்தான் நடக்க முடியும் என்ற நிலையில் உடல் இருக்கும்; இவை இரண்டும் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பள்ளி முடிந்த நாளிலிருந்து காலையில் எழுந்து செய்வதற்கு அவருக்கென்று ஒரு வேலையும் இல்லாமல் போயிருக்கும். இந்த மூன்றாவதுதான் பெரும்பாலான வீடுகளில் கனமான காரணம். ஆனால் அதற்குப் போவதற்கு முன் முதலாவதைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

பட்டியலின் தலையில் தைராய்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகம். எடை கூடுவது, மலச்சிக்கல், தோல் வறட்சி, பேச்சும் அசைவும் மெதுவாவது ஆகிய அதன் அறிகுறிகள் எல்லாம் டவுன் சிண்ட்ரோமின் இயல்பு என்றே கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றன. பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை, டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை ஒன்றுதான் சொல்லும். ஆண்டுக்கு ஒருமுறை, தவறினால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அதைச் செய்ய வேண்டும். அதே இரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துவிடலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள வளர்ந்தவர்களுக்காக 2020-இல் வெளியான அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல், உடல்பருமன் உள்ளவர்களுக்கு 21 வயதிலிருந்தே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை வேண்டும் என்கிறது. உங்கள் மகனின் உடல் நிறை குறியீட்டெண் 32. இந்தியர்களுக்கு 25-ஐத் தொட்டாலே உடல்பருமன் என்பது கணக்கு.

அடுத்தது தூக்கம். இதை இன்னும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களிடம் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். முகத்தின் நடுப்பகுதி சிறிதாகவும், வாய்க்குள் இடம் குறைவாகவும், தொண்டைத் தசைகள் தளர்வாகவும் இருப்பதால், டவுன் சிண்ட்ரோம் உள்ள வளர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறது. இரவில் பலமுறை மூச்சு நின்று நின்று வருவதால், எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கியதாக உடல் கணக்கில் கொள்வதில்லை. பகலில் சிடுசிடுப்பு, எதிலும் ஆர்வமின்மை, சோபாவிலேயே கண் செருகுவது எல்லாம் இதன் தொடர்ச்சி. எடை கூடினால் அடைப்பு கூடும். அடைப்பு கூடினால் பகலில் அசையத் தெம்பிருக்காது. அசையாவிட்டால் எடை மேலும் கூடும். குறட்டை இல்லை என்பதால் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஒரு நாள் பின்னிரவில் அவர் அறைக்குச் சென்று எப்படித் தூங்குகிறார் என்று பாருங்கள். சம்மணமிட்டு உட்கார்ந்தபடியே இடுப்பை மடித்து, நெற்றியைப் படுக்கையில் பதித்துத் தூங்கினாலோ, தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தபடி கிடந்தாலோ, மூச்சுப் பாதையைத் திறந்துவைக்க உடல் தானாகவே கண்டுபிடித்த நிலை அது. "இடுப்பு எவ்வளவு வளைகிறது பாருங்கள்" என்று பெற்றோர் இதைப் பெருமையாகப் படம் எடுத்துக் காட்டுவதுண்டு. அந்தப் படத்தைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, தூக்க ஆய்வு செய்யக் கேளுங்கள்.

மூன்றாவதாக இதயம், மூட்டு, காது, கண். டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கிறது. சிறுவயதில் இதயம் நன்றாக இருந்தவர்களுக்கும் வளர்ந்தபின் வால்வில் கசிவு வரலாம். எனவே பழைய எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். மூட்டு நாண்கள் தளர்ந்திருப்பதால் முழங்கால் சில்லு விலகுவதும், இடுப்பு மூட்டு தேய்வதும், பாதம் தட்டையாவதும் இவர்களிடம் சாதாரணம். வலி இருப்பதைப் பலர் சொல்லமாட்டார்கள்; சொல்லத் தெரியாதவர்களும் உண்டு; ஆனால் நடக்க மறுப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்துவிடுவது, அவர் சொல்ல முடியாத ஒரு வலியைச் சொல்லும் விதமாக இருக்கலாம். காதுத் துளை குறுகலாக இருப்பதால் அழுக்கு அடைத்துக்கொண்டு கேட்காமல் போவதும், கண்ணில் புரை விழுவதும் இளம் வயதிலேயே நேர்வதுண்டு. படிக்கட்டின் விளிம்பு சரியாகத் தெரியாதவர் மாடிக்கு வர மறுத்தால் அதைப் பிடிவாதம் என்று யாரும் சொல்லக் கூடாது.

இவற்றோடு மனச்சோர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் இருந்த நண்பர்கள் ஒரே நாளில் இல்லாமல் போனதும், அக்கா திருமணமாகிப் போனதும், தாத்தா இறந்ததும் இவர்களையும் நம்மைப் போலவே தாக்குகின்றன. அழுகையாக வெளிப்படாமல், எழ மறுப்பதாக வெளிப்படுகின்றன. முன்பு சுறுசுறுப்பாக இருந்தவர் சில வாரங்களிலோ மாதங்களிலோ பேச்சைக் குறைத்து, தானே செய்துகொண்ட வேலைகளையும் கைவிட்டால், அது அவசரமாக மருத்துவரிடம் காட்ட வேண்டிய மாற்றம். அப்போது "டவுன் சிண்ட்ரோம் என்றால் அப்படித்தான்" என்ற பதில் வந்தால், வேறு மருத்துவரிடம் போங்கள்.

சரி, இவை எல்லாவற்றையும் பார்த்து எதுவும் இல்லை என்று வந்தால்கூட, அவருக்கு நடப்பது உங்களுக்கு நடப்பதைப் போல எளிதல்ல. தசைகளின் விறைப்புக் குறைவு, மூட்டுத் தளர்வு, சமநிலையைக் காக்கக் கால்களை அகட்டி வைக்கும் நடை ஆகியவற்றால், ஒரே வேகத்தில் நடக்கும்போது டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் மற்றவரைவிட அதிக ஆக்சிஜனைச் செலவழிக்கிறார் என்பதை ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். வேகம் கூடக்கூட அந்த வித்தியாசமும் கூடுகிறது. நீங்கள் ஆற அமர நடக்கிற நடை, அவருக்கு விரைநடை.

இதயத் துடிப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. உடற்பயிற்சி செய்யும்போது துடிப்பை உயர்த்தும் நரம்புத் தூண்டல் இவர்களுக்குக் குறைவாக இருப்பதால், உச்சத் துடிப்பு மற்றவர்களைவிட நிமிடத்திற்கு ஏறக்குறைய 30 குறைவாகவே இருக்கும். ஜிம் பயிற்சியாளர்கள் வழக்கமாக 220-இலிருந்து வயதைக் கழிப்பார்கள். 24 வயதுக்கு 196 வரும். அதில் 85 சதவீதம் வரை போகலாம் என்று 166-ஐ இலக்காக வைப்பார்கள். உங்கள் மகனுக்கு அந்த 166 என்பதே அநேகமாக உடலின் எல்லை. ஒருவரை அவருடைய எல்லையிலேயே கால்மணி நேரம் ஓட வைத்துவிட்டு, மறுநாள் வரவில்லை என்றதும் ஆர்வமில்லாதவர் என்று முடிவு கட்டுவது பெரிய அநீதி. ஜிம்மில் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், சேர்க்கலாம். ஆனால் இந்தக் கணக்கைப் பயிற்சியாளருக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்த பிறகு, ஓடும் இயந்திரத்தில் தொடங்காமல், தசை வலுவூட்டும் பயிற்சியில் தொடங்குவதாக இருந்தால். ஆஸ்திரேலியாவில் இயன்முறை மருத்துவ மாணவர்களை டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞர்களுடன் ஜோடி சேர்த்து, வாரம் இருமுறை, பத்து வாரங்கள் எடைப் பயிற்சி செய்யவைத்த ஆய்வுகளில் தசைவலிமை நன்றாகவே கூடியது. உடன் ஒரு சம வயதுத் தோழர் இருந்தது அதில் சிறிய விஷயம் அல்ல என்பது என் எண்ணம்.

ஜிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உடற்பயிற்சி செய்யாமல் இருப்பது ஒரு குறை. நீண்ட நேரம் தொடர்ந்து உட்கார்ந்திருப்பது வேறொரு குறை. மாலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு மீதிப் பன்னிரண்டு மணி நேரமும் சோபாவில் இருப்பவரின் தொடைத் தசைகள், நாளின் பெரும்பகுதி வேலையின்றியே கிடக்கின்றன. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு உள்வாங்கிக்கொள்பவை இந்தப் பெரிய தசைகள்தான். அவை அசையாதபோது சர்க்கரையும் இன்சுலினும் உயர்ந்தே நிற்கின்றன. டவுன் சிண்ட்ரோம் இல்லாத, உடல் எடை கூடிய வளர்ந்தவர்களிடம் செய்த பரிசோதனைகளில், 20 நிமிடத்திற்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் மெதுவாக நடந்தாலே உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை கணிசமாகக் குறைந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் இளம் வயதிலேயே வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்தச் சிறு அசைவுகளுக்கு அவர்களிடம் மதிப்பு கூடுதல். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மாற்றுத்திறனாளிகளுக்கென்று முதன்முறையாகத் தனியே பரிந்துரை வைத்தது: வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு உட்காரும் நேரத்தைக் குறைத்து அந்த இடத்தில் எவ்வளவு இலேசான அசைவையாவது வைப்பது. 150 நிமிடம் இன்று எட்டாத தூரமாகத் தெரிந்தால், இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. "பி.பி. நார்மலாக இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று சொன்னால் அதில் ஆறுதல் கொள்ள வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இரத்த அழுத்தம் இயல்பிலேயே குறைவு. அசையாத வாழ்க்கையின் கேடு அதில் தெரிவதில்லை. எடை, சர்க்கரை, எலும்பின் அடர்த்தி, தூக்கம், முழங்கால் ஆகியவற்றில்தான் அது தெரியும்.

இனி அந்த வெறுமையான நாளுக்கு வருகிறேன். பள்ளி நாட்களில் அவர் வேனைப் பிடிக்க வேண்டியிருந்தது, பிரார்த்தனைக்கு நிற்க வேண்டியிருந்தது, டிபன் பாக்ஸைக் கழுவி வைக்க வேண்டியிருந்தது. இவற்றை யாரும் உடற்பயிற்சி என்று எண்ணியதில்லை, ஆனால் நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை அவரை எழ வைத்தவை இவைதான். வீட்டில் எல்லாம் கைக்கு வருகிறது. தண்ணீர் சொம்பு பக்கத்திலேயே இருக்கிறது, தட்டு மடிக்கு வருகிறது, கழற்றிய சட்டை தானாகவே மறைகிறது. நீங்கள் அன்பினால் செய்வது இது என்பதையும், ஒரு வேலையை அவரிடம் விட்டால் மும்மடங்கு நேரம் ஆகும் என்பதையும் நான் அறியாதவன் அல்ல. அந்த மும்மடங்கு நேரம்தான் அவருக்கு மருந்து.

எனவே வீட்டில் யாருக்காவது உண்மையிலேயே தேவைப்படும் வேலைகளை அவர் பொறுப்பில் விடுங்கள். காலையில் பால் பாக்கெட்டை வாசலிலிருந்து எடுத்து வருவது, மோட்டார் போடுவதும் நிறுத்துவதும், மொட்டை மாடியில் துணி காயப்போட்டு மாலையில் எடுத்து மடிப்பது, சாப்பாட்டு மேசையில் தண்ணீர் வைப்பது, செடிகளுக்கு நீர் ஊற்றுவது, கடையில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வாங்கி வருவது. துணி காயப்போடும்போது ஒவ்வொன்றுக்கும் குனிந்து நிமிர வேண்டும், கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். பத்துத் துணிக்குப் பத்து முறை. இதைவிட நல்ல பயிற்சியை நான் எழுதித் தர முடியாது. தொடக்கத்தில் ஒரு வேலை மட்டும் போதும். அது பழகிய பிறகு அடுத்தது.

எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். கேட்டதை மனத்தில் வாங்கி உடலை எழுப்ப இவர்களுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். "எழுந்திரு" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும் வரை அமைதியாக நில்லுங்கள்; அதற்குள் மூன்று முறை சொன்னால் மூன்று புதிய கட்டளைகளாக அவர் காதில் விழுந்து, கோபத்தில் முடியும். செல்போனைப் பிடுங்குவதும் அப்படித்தான். பார்த்துக்கொண்டிருக்கும் வீடியோ முடிவதற்காகக் காத்திருங்கள். அன்றைய வேலைகளை அவர் செய்யும் புகைப்படங்களாகவே அச்சிட்டு, சமையலறைச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். எழுத்தைவிடப் படம் இவர்களுக்கு வேகமாகப் புரிகிறது. ஒரே ஒழுங்கில் நாள் நடக்க வேண்டும் என்ற பிடிப்பு டவுன் சிண்ட்ரோம் உள்ள பலரிடம் வலுவாக இருக்கும். இன்று சோபாவில் அவரைக் கட்டிப்போட்டிருப்பது அந்தப் பிடிப்புதான். ஒரு மாதம் ஒரே நேரத்தில் கடைக்குப் போய் வந்துவிட்டால், மழை பெய்தாலும் போயே ஆக வேண்டும் என்று உங்களை இழுத்துச் செல்லப்போவதும் அதே பிடிப்புதான்.

நடக்கப் போகும்போது முதலில் செருப்பைப் பாருங்கள். இவர்களுடைய பாதம் நீளம் குறைந்தும் அகலம் கூடியும் இருப்பதால், அகலத்துக்கு ஏற்ப வாங்கும் செருப்பு நீளமாகிக் கால் நழுவும். குதிகாலைப் பிடித்து நிற்கும், ஒட்டுப்பட்டை வைத்த ஷூ நல்லது. பாதம் மிகத் தட்டையாக இருந்தால் உள்ளே தாங்கு திண்டு வைக்கலாம். முதல் வாரம் தெருமுனை வரை போதும். அவர் உட்கார்வதற்கு முன்னால் நீங்களே ஒரு திண்ணையைத் தேர்ந்து உட்கார வையுங்கள். மாலையில் அவருக்குப் பிடித்த பாட்டுக்குக் கால்மணி நேரம் ஆடட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது ஆகியவற்றைச் செய்ய வையுங்கள். எடை குறைவதற்கு உணவிலும் அளவு வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. திரையைப் பார்த்தபடி முறுக்கும் மிக்சரும் கொறிப்பதை மட்டும் முதலில் நிறுத்துங்கள்.

கழுத்தைப் பற்றி இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்குத் தளர்வாக இருக்கிறது. மிகச் சிலருக்கே அது தண்டுவடத்தை அழுத்தும், ஆனால் அழுத்தினால் விளைவு கடுமையானது. ஆகவே யோகா வகுப்பில் சேர்த்தால் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றும் கூடாது என்று ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குட்டிக்கரணமும், நீச்சல் குளத்தில் தலைகீழாகப் பாய்வதும் வேண்டாம். நடை திடீரென்று தள்ளாடினாலோ, கழுத்து ஒருபக்கம் சாய்ந்தாலோ, கையில் பிடி தளர்ந்தாலோ, இதுவரை இல்லாதபடி சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, எல்லாப் பயிற்சியையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

புதிதாக ஒரு திறமையைக் கற்றுக்கொடுப்பது, பயிற்சி செய்யச் சொல்லி வற்புறுத்துவதைவிட அதிக நாள் நிலைக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், டவுன் சிண்ட்ரோம் உள்ள 8 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து நாட்கள் இருசக்கர மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். பாதிக்கும் சற்று மேற்பட்டோர் கற்றுக்கொண்டார்கள். ஓராண்டு கழித்து அளந்தபோது, அவர்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. அந்த ஓராண்டில் யாரும் அவர்களை விரட்டிக்கொண்டிருக்கவில்லை. 24 வயதில் மிதிவண்டிதான் என்றில்லை. இறகுப்பந்தோ, பறையோ, நீச்சலோ எதுவாகவும் இருக்கலாம். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் அமைப்பின் பயிற்சிகளில் வளர்ந்தவர்களும் சேரலாம். சென்னையிலுள்ள டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியாவைத் தொடர்புகொண்டால் உங்கள் பக்கத்துப் பெற்றோர்களைப் பற்றிக் கேட்கலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து மாலையில் ஒரே பூங்காவுக்குப் போனால், போன பள்ளி நண்பர்களின் இடம் கொஞ்சமேனும் நிரம்பும்.

வயது ஏற ஏற என்ன ஆகும் என்று கேட்டீர்கள். 1983-இல் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகள். இன்று அங்கே அது ஏறத்தாழ 60. உங்கள் மகனுக்கு முன்னால் நீண்ட வாழ்க்கை இருக்கிறது. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கான மரபணு, இவர்களிடம் ஒன்று கூடுதலாக உள்ள அந்த 21-ஆம் குரோமோசோமில் இருப்பதால், அல்சைமர் மறதி நோய் இவர்களில் பெரும்பாலோருக்கு ஐம்பதுகளில் தலைகாட்டுகிறது என்பதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். அசைவு அதைத் தடுத்துவிடும் என்று யாராவது வாக்களித்தால் நம்ப வேண்டாம். ஆனால் நாற்பது வயதில் தானே நடந்து, தானே குளித்து, நன்றாகத் தூங்கக்கூடிய உடலுடன் இருப்பதற்கு, இப்போது சேர்க்கும் தசையும் எலும்பும் உதவும்.

அதற்காக ஒரு நோட்டுப் புத்தகத்தை இந்த மாதமே தொடங்குங்கள். அவர் கையை ஊன்றாமல் அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார், கடைக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது, எந்தெந்த வேலையைத் தானே செய்கிறார், இடுப்புச் சுற்றளவு எவ்வளவு என்பதைத் தேதி போட்டு எழுதி, ஒரு சிறு வீடியோவும் எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்யுங்கள். எடை நகராத மாதங்களிலும் இந்த எண்கள் நகர்வதைப் பார்ப்பீர்கள். பின்னாளில் ஏதாவது மாறும்போது, "முன்பு எப்படி இருந்தார்?" என்று மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்த நோட்டே பதிலாக இருக்கும்.